பாதி அட்டை

குஞ்சப்பனை தாண்டி ஏழாவது வளைவில்
முள் நூற்று முப்பதைத் தொட்டது.
பின்னால் தேயிலை லாரி,
அதன் பின்னால் கோத்தகிரிக்குப் போகும் உலகம் முழுக்க
ஹாரன் அடித்தது.
ஓரம் கட்டினேன்.
டிப்ஸ்டிக்கை உருவினால்
எண்ணெய் எண்ணெயாக இல்லை,
நேற்றைய ரசம்போல் ஓடியது.

இரண்டே கதவுள்ள சிவப்பு வண்டி.
கோவையில் ஒரு ரேஸ் பைத்தியத்திடம் வாங்கியது.
சமவெளியில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

கூலர் பார்சலில் வந்தது:
பத்தொன்பது வரிசை அலுமினியம்,
ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே செருக
ஒரு வட்டத் தட்டு,
இரண்டு குழாய்.
தெர்மோஸ்டாட் வைத்த தட்டு நாலாயிரம் கூடுதல்.
நாலாயிரத்தை மிச்சம் பிடித்தேன்.
இனிமேல் நடப்பதற்கெல்லாம் காரணம்
இந்த ஒரு வரி.

பம்பரைக் கழற்றி
ரேடியேட்டருக்கு முன்னால் இடம் பார்த்தேன்.
அதிர்வுக்கு ரப்பர் வேண்டும்:
பழைய ஹவாய் செருப்பில் நான்கு வட்டம் வெட்டினேன்.
வாய்கள் மேலே பார்க்க வைத்தேன்,
கீழே பார்த்தால் காற்று உள்ளே குடியேறிவிடும்.
ஃபில்டரைத் திருகியதும்
முழங்கை வரை கறுப்பு.
ஓ-ரிங்குக்கு விரல் நுனியில் எண்ணெய் தடவி
கையால் இறுக்கி
பிறகு முக்கால் சுற்று.

குழாயை நேரான சக்கரத்தோடு அளந்திருந்தேன்.
ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால்
டயர் அதை நக்கியது.

கட்டபெட்டு ஃபேக்டரியில் ஜோகிராஜ்
மெஷின் குழாய்களுக்கு முனை அழுத்துகிறவன்.
"என்ன பிரஷர்?"
"ஆறு பார்."
சிரித்தான்.
"இது முந்நூறு தாங்கும்டா. உன் கார்தான் தாங்காது."
ஒரு சாண் குறைத்து, முனையை வளைத்து,
மதியத்துக்குள் கொடுத்தான்.
காசு வாங்கவில்லை,
ஒரு ரவுண்டு கேட்டான்.

எரிபொருள் ஃபியூசைப் பிடுங்கிவிட்டுச் சுற்றினேன்.
இன்ஜின் பற்றாமல் இருமியது, இருமியது.
பிரஷர் முள் அசையவே இல்லை.
பத்து எண்ணி நிறுத்தினேன்.
மறுபடி.
மூன்றாவது முறை
முள் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் நிமிர்ந்தது.
முக்கால் லிட்டர் எண்ணெய் கணக்கில் இல்லை:
புதுக் குழாய்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

இரவெல்லாம் அடியில் ஞாயிறு பேப்பர் விரித்து வைத்தேன்.
காலையில் ஒரே ஒரு சொட்டு,
சரியாக 'மணமகள் தேவை' மேல்.
எட்டாம் நம்பர் ஸ்பானரால் கால் சுற்று.
அப்புறம் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

ஏற்றத்தில் தொண்ணூற்றெட்டு!
ஜோகிராஜ் பக்கத்து இருக்கையில்
முள்ளைக் காட்டி விரலால் தாளம் போட்டான்.

ஜனவரியில் இறங்கும்போதுதான் தெரிந்தது.
தேயிலைமேல் உறைபனி,
கால் ஆக்ஸிலேட்டரில் படவே இல்லை,
முள் ஐம்பத்தைந்தில் ஒட்டிக்கொண்டது.
வெல்லப்பாகை இறைக்கும் பம்பாக
இன்ஜின் முனகியது.
ஒரே சாலை.
ஏறினால் வேகிறது, இறங்கினால் விறைக்கிறது.

டஸ்ட் தூள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
கூலரில் பாதியை மூடினேன்.
எழுபத்தெட்டு.
இனி இறங்கும்போது அட்டை உண்டு,
ஏறும்போது இல்லை.
மாற்றும் இடம் குஞ்சப்பனை செக்போஸ்ட்.

"என்ன சார் அது?" என்றார் வாட்சர் மருதன்.
"ஸ்வெட்டர்."
பின் இருக்கையில் கழற்றிப் போட்டிருந்த
என் ஸ்வெட்டரைப் பார்த்தார்.
அடுத்த வாரம் நான் கேட்காமலே
கை நீட்டி அட்டையை வாங்கி
பலாமரத்தடியில் சாய்த்து வைத்தார்.
"திரும்ப இறங்குறப்ப எடுத்துக்குங்க."

நேற்று அட்டையை வாங்கியவர்
வண்டியை விடவில்லை.
"ரெண்டாவது வளைவுல நிக்குது. குட்டியோட."
காத்திருந்தேன்.
நின்ற வண்டியில்
முள் மெல்ல ஏறியது, நூறு, நூற்று ஐந்து.
காற்று வராவிட்டால்
கூலர் வெறும் அலுமினியம்.

சாவியைத் திருப்பினேன்.
டிக், டிக் என்று
உலோகம் தானாக ஆறத் தொடங்கியது.
மேலே எங்கோ மூங்கில் முறியும் சத்தம்.
மருதன் உதட்டில் விரல் வைத்தார்,
வண்டியைப் பார்த்து.